ஈயச் சிப்பாய்கள்

நம் வீட்டு மாடியறையில் ஒரு பலகை இருக்கிறது. ஆறடி நீளம், நான்கடி அகலம். அதன் மீது காவிரியும் கொள்ளிடமும் ஓடுகின்றன. தென்பக்கத்தில் ஒரு குன்றும், அதைச் சுற்றி இரட்டை மதிலும் உண்டு. வடபக்கத்தில் தீவு, தீவில் இரண்டு கோயில்கள். நடுவே முந்நூற்றுச் சொச்சம் மனிதர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஒருவர் கூட ஓரங்குல உயரம் இல்லை. 1752ஆம் ஆண்டு ஜூன் மாதத்துத் திருச்சிராப்பள்ளி அது. வீட்டுக்கு வருகிற உறவினர்கள் மாடியேறிப் பார்த்துவிட்டு, “வயதான காலத்தில் இவருக்கு இது என்ன விளையாட்டு?” என்று நம் துணைவியாரிடம் கேட்பதும், அவர்கள் ஒன்றும் சொல்லாமல் தேநீர் கலக்கப் போவதும் வழக்கமாகிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு முறை விடை சொல்லிவிடுவது நல்லதென்று தோன்றுகிறது.

நம் அத்தா மர்ஹூம் அவர்கள் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வார்ப்படப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறைக்குப் பதிலாக தென்னிந்திய ரயில்வேயார் பொன்மலையில் அமைத்த அந்தப் பெரும் பட்டறை 1928ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. நமக்கு ஏழு வயதிருக்கும்போது, ஒரு பெருநாள் விடுமுறையில், அத்தா அவர்கள் பழைய சாமான் கடையில் நிறுத்து வாங்கிய ஈயத்தைக் கொல்லைப்புறத்தில் கரி அடுப்பில் உருக்கினார்கள். அதற்கு முன்பே, மாக்கல்லை இரண்டாகப் பிளந்து, இரு பாதியிலும் அரை மனிதனாகக் குடைந்து வைத்திருந்தார்கள். இரண்டு பாதிகளையும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே விட்டிருந்த துளை வழியே ஈயத்தை ஊற்றினார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பிரித்தால், தலைப்பாகை கட்டி, தோளில் துப்பாக்கி சார்த்திய ஒரு சிப்பாய் பளபளவென்று வெளியே வந்தார். அன்று மாலைக்குள் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஈயம் தொட்ட கையோடு சோற்றில் கை வைக்கக் கூடாதென்று அம்மா அவர்கள் சீயக்காய் போட்டு மும்முறை கழுவ வைத்தார்கள். அது எத்தனை சரியான கண்டிப்பு என்பது ஈயத்தின் நஞ்சைப் பற்றி உலகம் பேசத் தொடங்கிய பிறகுதான் நமக்கு விளங்கிற்று.

அந்தப் பன்னிரண்டு பேருக்கும் முகம் கிடையாது. அத்தா அவர்கள் அச்சிலேயே முகத்தை மழுக்கி விட்டிருந்தார்கள். கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. தலைப்பாகைக்குக் கீழே ஒரு வழவழப்பு மட்டுமே. “அத்தா, இவங்களுக்கு ஏன் மூஞ்சி இல்லை?” என்று கேட்டோம். “மூஞ்சி கொடுக்கிறவன் ஒருத்தன் இருக்கான்டா. நாம எதுக்கு அந்த வேலைக்குப் போகணும்?” என்றார்கள்.

அம்மா அவர்களுக்கு அது போதவில்லை. முகம் இல்லாவிட்டாலும் உருவம் உருவந்தானே, வீட்டில் வைக்கலாமா என்ற ஐயம் அவர்களுக்கு. பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். ஹஜ்ரத் அவர்கள் நேரிலேயே வந்து, திண்ணையில் அமர்ந்து, ஒரு சிப்பாயைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்திருந்த செய்தியைச் சொன்னார்கள். அவற்றுள் ஒன்று இறக்கை கட்டிய குதிரை. குதிரைக்கு இறக்கையா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாகத் தாங்கள் கேட்டதில்லையா என்று அன்னையவர்கள் மறுமொழி சொல்ல, பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்களாம். “பிள்ளைகள் விளையாட்டுக்கு நம் இமாம்களில் பலர் இடம் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்கள் பீடத்தில் ஏற்றிவைத்து அழகு பார்த்தால் அது வேறு சங்கதி” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுபதைத் தாண்டி இன்று மாடியறையில் பலகைக்கு முன்னால் நிற்கும்போது, அந்த இரண்டாவது வாக்கியம் நம் காதில் விழாமல் இல்லை. ஆகவே அத்தா அவர்களின் வழக்கத்தை நாமும் விடவில்லை. பலகையில் நிற்கும் ஒருவருக்கும் நாம் கண் எழுதியதில்லை.

1977 நவம்பரில் திருச்சியில் பெருவெள்ளம் வந்தது. கோரையாறும் குடமுருட்டியும் ஊருக்குள் புகுந்தன. உறையூரில் இருந்த நம் வீட்டில் தண்ணீர் ஆளுயரத்துக்கு நின்றது. தகரப் பெட்டி ஒன்று கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அதில்தான் சிப்பாய்கள் இருந்தார்கள். வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் சேற்றைக் கிளறியபோது ஐந்து பேர் கிடைத்தார்கள். ஈயம் மிதக்காதன்றோ! பெட்டி எங்கோ போக, அதன் அடி பிய்ந்த இடத்திலேயே அவர்கள் அமிழ்ந்து கிடந்தார்கள். அதற்கு முந்தின ஆண்டுதான் அத்தா அவர்கள் மறைந்திருந்தார்கள். அந்த ஐந்து பேரையும் கழுவித் துடைத்து வைத்தபோதுதான், அவர்களுக்கு நிற்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் நமக்கு உண்டாயிற்று.

இதற்கிடையே சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்த இரண்டு பெட்டிகள் பரண் மீது பிரிக்கப்படாமல் இருந்தன. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தார் செய்த பிளாஸ்டிக் பொம்மைச் சிப்பாய்கள். ஈயச் சிப்பாய்களுக்கு அந்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. வில்லியம் பிரிட்டன் என்பவர் 1893இல் உள்ளே பொள்ளலாக ஈயம் வார்க்கும் முறையைக் கண்டு, குறைந்த ஈயத்தில் நிறையப் பேரை வார்த்து, ஜெர்மானியப் பொம்மைகளை லண்டன் கடைகளிலிருந்து விரட்டினார். 1960களில் ஈயம் போய் பிளாஸ்டிக் வந்தது. மச்சான் கொண்டுவந்த பெட்டிகளுள் ஒன்றில் அமெரிக்க விடுதலைப் போர் வீரர்கள். முக்கோணத் தொப்பியும் நீண்ட கோட்டும் அணிந்தவர்கள். மற்றொன்றில் அரபு நாட்டு வீரர்கள், குதிரைகள், ஒட்டகங்கள். “முக்கோணத் தொப்பிக்காரன் வெள்ளைக்காரன், ஒட்டகக்காரன் நம்ம ஆள். சண்டைக்கு வேறென்ன வேணும்?” என்று மச்சான் சொன்னார். அது அத்தனை எளிதன்று என்பதைப் பின்னால்தான் உணர்ந்தோம்.

எந்தச் சண்டையை அமைப்பது என்பதில் முதலில் குழப்பம் இருந்தது. அத்தா அவர்களுக்குப் பிடித்தது பொன்மலைச் சண்டை. 1753 ஜூன் 26ஆம் நாள், பிரெஞ்சுப் படை பிடித்துவிட்ட பொன்மலைக் குன்றை, மேஜர் லாரன்ஸின் வீரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு ஏறி மீட்ட கதை. “நாங்க உட்கார்ந்து சோறு தின்கிற இடத்துல நடந்தது” என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே ஆண்டு நவம்பர் இறுதியில், பிரெஞ்சுக்காரர் ஏணி வைத்து இரவில் கோட்டை மதில் ஏறி, ஒரு கொத்தளத்தைச் சத்தமின்றிப் பிடித்தும், பிடித்த மகிழ்ச்சியில் அங்கிருந்த பீரங்கிகளை ஊரை நோக்கிச் சுட்டு, தூங்கிக் கொண்டிருந்தவர்களைத் தாமே எழுப்பிவிட்டுச் சிக்கிக்கொண்ட கதையும் உண்டு. சுவையான கதைதான். ஆனால் இரவைப் பலகை மீது எப்படிக் காட்டுவது? ஆகவே 1752ஐத் தேர்ந்தோம்.

பள்ளிப் பாடத்தில் இதைக் கருநாடகப் போர் என்று இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவார்கள். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கான் மடிந்தார். அவருடைய மகன் முகம்மது அலி திருச்சிக்கு ஓடிவந்து கோட்டைக்குள் புகுந்துகொண்டார். ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய சந்தா சாகிபு, பிரெஞ்சுக்காரர் துணையோடு 1751இல் வந்து கோட்டையை வளைத்தார். முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை. மைசூரிலிருந்து நஞ்சராஜர், மராட்டியரில் முராரி ராவ், தஞ்சாவூர்ப் படை, புதுக்கோட்டைத் தொண்டைமான் படை என எல்லோரும் முகம்மது அலி பக்கம் வந்து சேர்ந்தனர். மைசூர்ப் படையில் ஹைதர் அலி என்ற பெயருடைய ஓர் இளம் அதிகாரியும் இருந்தார். கிளைவ் ஆற்காட்டைப் பிடித்துக் கவனத்தைத் திருப்பியதும், 1752இல் லாரன்ஸும் கிளைவும் திருச்சிக்கு உதவி கொண்டுவந்ததும், பிரெஞ்சுத் தளபதி லா காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கியதும், கிளைவ் சமயபுரத்தில் அமர்ந்து வடக்கு வழியை அடைத்ததும் எல்லோரும் அறிந்தவை. லா திருவானைக்கா கோயில் மதிலுக்குள்ளும், சந்தா சாகிபின் படை திருவரங்கக் கோயில் மதிலுக்குள்ளும் இருந்தன. சோறு தீர்ந்தது. ஆட்கள் ஓடினார்கள். ஜூன் மாதத்தில் லா சரணடைந்தார். ஏறத்தாழ எண்ணூறு ஐரோப்பியர், இரண்டாயிரம் சிப்பாய்கள்.

எந்தத் தேதி என்று பலகையில் எழுத முனைந்தபோது ஒரு வேடிக்கை. ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய நாட்காட்டியையே வைத்திருந்தனர், பிரெஞ்சுக்காரர் புதியதை. இரண்டுக்கும் பதினொரு நாள் வேறுபாடு. சரணடைந்தவரும் சரணேற்றவரும் எதிரெதிரே நின்ற அதே காலை வேளையில், ஒருவருக்கு ஒரு தேதி, மற்றவருக்கு வேறு தேதி! “1752 ஜூன்” என்று மட்டும் எழுதி விட்டுவிட்டோம்.

தோல் மண்டியில் கணக்கெழுதும் வேலை நமக்கு. மாலையில் விட்டதும் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போய், ராபர்ட் ஆர்ம் என்பவர் எழுதி, முதல் பாகம் 1763இல் லண்டனில் வெளியான போர் வரலாற்றைப் படித்துக் குறிப்பெடுப்போம். அவர் கும்பெனியில் வேலை பார்த்தவர். கும்பெனியார் பக்கம் நின்று எழுதியவர். அதை மனத்தில் கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனால் திருச்சிக் கோட்டையை அவர் அளந்து சொல்லியிருப்பதைப் போல் வேறு யாரும் சொல்லவில்லை. வெளி மதில் பதினெட்டடி உயரம், உள் மதில் முப்பதடி, இரண்டுக்கும் இடையே இருபத்தைந்தடி வெளி, புறத்தே முப்பதடி அகல அகழி. நம் சிப்பாய்கள் உண்மை மனிதனில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி உள் மதில் ஐந்து அங்குலம், வெளி மதில் மூன்று அங்குலம். என்ன அழகாக அமைந்தது! ஆனால் மலைக்கோட்டைக் குன்றுக்கு அதே கணக்கைப் போட்டால் மூன்றே முக்கால் அடி வந்தது. குன்றுக்கும் திருவரங்கக் கோயிலுக்கும் இடையே உள்ள தொலைவைப் போட்டால் ஏறத்தாழ நூற்றெழுபது அடி. நம் வீட்டில் தொடங்கினால் திருவரங்கம் தெருக்கோடிப் பள்ளிவாசலில் போய் முடியும்! மனிதர் ஒரு அளவு, மதில் ஒரு அளவு, ஆறும் குன்றும் வேறோர் அளவு என்று சமரசம் செய்துகொண்டோம். இந்தக் கலையில் எல்லோரும் செய்வது அதுதான்.

அளவு பிசகியதை விட்டுவிடலாம். காலம் பிசகியதைத்தான் விட முடியவில்லை. திருவரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் நமக்கு ஒரு நண்பர் இருந்தார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நவராத்திரியில் அவர் வீட்டுக் கொலுப்படியில் களிமண் பட்டாளம் ஒன்று, பாண்டு வாத்தியத்தோடு ஆண்டுதோறும் அணிவகுக்கும். களிமண் பொம்மைக்கு வண்ணம் பூசுகிற நுணுக்கங்களை அவரிடம்தான் கற்றோம். பலகை ஏறக்குறைய முடிந்ததும் அவரை அழைத்துவந்து காட்டினோம். அட்டையும் தக்கையும் கொண்டு மூன்றேகால் அடி உயரத்துக்கு நாம் எழுப்பியிருந்த தெற்கு ராஜகோபுரத்தைக் கண்டதும் சிரிக்கத் தொடங்கினார்.

“என்ன ராவுத்தரே, இருநூத்து முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடியே கும்பாபிஷேகம் பண்ணிட்டேளே!”

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஜயநகர மன்னர் காலத்தில் தொடங்கிப் பாதியில் நின்ற அக்கோபுரம், பல நூற்றாண்டுகள் மொட்டையாகவே இருந்து, அகோபில மடத்து 44ஆம் பட்டம் ஜீயர் அவர்களின் முயற்சியால் 1987இல்தானே 236 அடிக்கு நிறைவுற்றது! மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த நமக்கே, பத்தாண்டுக்குள் அது மறந்து போயிற்று. அன்றிரவே பதின்மூன்று நிலைகளையும் அறுத்தெடுத்தோம். அறுத்த கையோடு, மலைக்கோட்டைக்கு அருகே வைத்திருந்த மாதா கோயில் கூம்பையும் எடுத்துவிட்டோம். அதுவும் பின்னால் வந்ததே. முக்கொம்பில் குறுக்கே ஓடிய கல்லணை போன்ற அமைப்பையும் எடுத்தோம். ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டியது 1836இல். நாம் நம் ஊர் என்று எண்ணியிருந்ததில் எவ்வளவு புதியது!

அந்த நண்பர் இன்னொன்றும் செய்தார். சரணடைந்த நாளில் திருவரங்கக் கோயிலுக்குள் இருந்த ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள், மூன்றாம் மதிலுக்கு உட்பட்டு எவரும் வர மாட்டார்கள் என்று உறுதி பெறாமல் வெளியேற மறுத்தார்கள் என்றும், அவர்களின் துணிவை மதித்து ஆங்கிலப் படையினர் உள்ளே போகவில்லை என்றும் ஆர்ம் எழுதியிருக்கிறார். இதைப் படித்துக் காட்டியதும் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. “சந்தா சாகிபோட கூலிக்கு வந்தவா. கோயில் வாசல்ல நின்னுட்டா பாருங்கோ. அவாளை வெச்சேளா?” என்றார். வைக்கவில்லை. மறுவாரம் பதினொரு பேரை நாமும் அவருமாகச் சேர்ந்து செய்தோம். அவர்களுள் நால்வரின் தலைப்பாகை அவர் கைப்பட்டது. அவர் இன்று இல்லை. அவர் கட்டிய தலைப்பாகைகள் மட்டும் நம்முடையவற்றைவிடச் சீராக இருக்கின்றன.

தலைப்பாகையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் இந்தப் பலகையில் நம் உழைப்பில் பாதிக்கு மேல் தலைப்பாகையில்தான் போயிற்று. பெட்டியில் வந்த வீரர்கள் எல்லோரும் ஐரோப்பியர். முக்கோணத் தொப்பிக்காரர்கள் சிலரை அப்படியே ஆங்கிலேயராகவும் பிரெஞ்சுக்காரராகவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திருச்சியில் நின்ற படைகளில் ஐரோப்பியர் ஒரு கைப்பிடி, மற்றவரெல்லாம் நம்மவர். உலகத்தில் எந்தத் தொழிற்சாலையும் 1752ஆம் ஆண்டுத் திருச்சிச் சிப்பாயை வார்த்து விற்கவில்லை. சிவப்புச் சட்டை போட்ட இந்தியச் சிப்பாய் பொம்மைகள் பின்னாளில் கடைக்கு வந்தன. அவை நமக்கு உதவா. சென்னைச் சிப்பாய்களைப் பட்டாளங்களாகப் பிரித்துச் சீருடை கொடுக்கத் தொடங்கியதே 1750களின் கடைசியில்தான். அதற்கு முன் அவரவர் வேட்டி, அவரவர் தலைப்பாகை, அவரவர் வாள்.

ஆகவே வெள்ளைக்காரரை நம்மவராக மாற்ற வேண்டியிருந்தது. முதலில் சவரப் பிளேடால் தொப்பியை அறுத்தெடுக்க வேண்டும். பிறகு கோட்டின் வாலைச் சீவ வேண்டும். காலில் உள்ள முழங்கால் உறைகளைச் சுரண்டி வெறுங்காலாக்க வேண்டும். இந்தப் பிளாஸ்டிக் மெழுகு போன்றது. எந்தப் பசையும் அதில் ஒட்டாது. கையை அறுத்து வேறு கை வைக்க வேண்டுமானால், குண்டூசியைச் சூடாக்கி இரு துண்டுக்கும் நடுவே செருகிப் பிணைக்க வேண்டும். தலைப்பாகைக்கு முதலில் பருத்தி நூலைச் சுற்றிப் பார்த்தோம். கயிறு சுற்றிய பம்பரம் போலிருந்தது. மெல்லிய தாளைப் பெவிகால் கரைசலில் நனைத்து, முறுக்கிச் சுற்றியபோதுதான் துணியின் மடிப்பு வந்தது. வேட்டிக்கும் அதே தாள். ஈட்டிக்குத் தென்னை ஈர்க்கு, கேடயத்துக்குச் சட்டைப் பொத்தான், தாடிக்கு எம்-சீல். வண்ணம் பூசுமுன் சோப்பு நீரில் கழுவி, மேலே ஒரு பூச்சுப் பெவிகால் தடவாவிட்டால், ஒரே மாதத்தில் வண்ணம் பொரிந்து உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் உள்ளிருந்து பழைய வெள்ளைக்காரர் எட்டிப்பார்ப்பார்! இந்தப் பாடத்தை நாற்பது சிப்பாய்களைப் பறிகொடுத்துக் கற்றோம்.

ஒரு மனிதருக்கு இரண்டு மாலைப்பொழுது. முந்நூறு பேருக்கு எத்தனை ஆண்டு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வாட்டர்லூ போர்க்களத்தைச் சிறு தகர வீரர்களைக் கொண்டு அமைத்து 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்த வில்லியம் சைபோர்ன் என்பவரின் கதையை ஒரு நூலில் படித்தபோது, நமக்கு ஆறுதலாகவும் அச்சமாகவும் இருந்தது. அவர் மாதக்கணக்கில் போர்க்களத்திலேயே தங்கி நிலத்தை அளந்தார். போரில் நின்ற அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, மாலை ஏழு மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது என்று கேட்டார். பல்லாயிரம் வீரர்களை வைத்தார். ப்ரஷ்யப் படையினருக்கு அவர் கொடுத்த இடம் வெலிங்டன் பிரபுவுக்கு உவப்பாக இல்லை. வெற்றியில் அவர்களுக்குப் பங்கு கூடிவிடுகிறதாம். கடைசியில் கடனாளியாகி, வைத்த ப்ரஷ்யரில் பலரை எடுத்தும் விட்டார். பொம்மையை எங்கே நிறுத்துவது என்பதில் ஒரு பிரபுவின் பெருமையே அடங்கியிருந்திருக்கிறது. நமக்கு வந்த சோதனை ஒரு பிரபுவிடமிருந்து வரவில்லை. நம் மகள்வழிப் பேரனிடமிருந்து வந்தது.

பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தவன். பத்து வயது. பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தான். “நன்னா, இதுல நம்ம பக்கம் யாரு?” என்றான்.

கோட்டைக்குள் இருப்பவர் நவாப் முகம்மது அலி. தீவில் இருப்பவர் சந்தா சாகிபு. இருவரும் தொழுகிறவர்கள். இருவர் பக்கத்திலும் இந்துக்கள், இருவர் பக்கத்திலும் முஸ்லிம்கள், இருவர் முதுகுக்குப் பின்னும் ஒரு வெள்ளைக்காரர். கான்சாகிபுவைக் காட்டினோம். அத்தா வார்த்த ஐந்து ஈயச் சிப்பாய்களில் ஒருவரையே கான்சாகிபுவாக வைத்திருந்தோம். “இவர் நம்ம பக்கம்தானே? பாட்டெல்லாம் இருக்குன்னு சொன்னீங்களே” என்றான். “இங்கே இவர் வெள்ளைக்காரர் பக்கம்தான்பா” என்றோம். முகம்மது யூசுப் கான் அப்போது கும்பெனிச் சிப்பாய்களின் தலைவர்களுள் ஒருவர். அடுத்த முற்றுகையில் புதுக்கோட்டைக் காடுகளின் வழியே நெல் வண்டிகளைக் காத்துக் கொண்டுவந்து திருச்சியைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியவர். கும்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதே யூசுப் கானை, மதுரையில் தன்னாட்சி கொண்டாடினார் என்பதற்காக, 1764 அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிட்டார்கள். முகம்மது அலியின் விருப்பமும் அதுவே. பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப யாருமே நம்ம பக்கம் இல்லையா?” என்றான். அவனுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு விடை இல்லை. “எல்லாரும் இந்த ஊர்ச் சோறு தின்னவங்க” என்று மழுப்பினோம். அவன் ஒப்புக்கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பிறகு பெட்டியில் மிச்சமிருந்த ஒட்டகத்தை எடுத்துவந்தான். “இதை ஏன் வைக்கலை?”

அதுதான் நாம் அஞ்சிய கேள்வி. மற்ற ஒட்டகங்களுக்குச் சுமையேற்றிப் பலகையில் நிறுத்தியிருந்தோம். இந்த ஒன்றை வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. லா சரணடைவதற்கு முன், தம் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சந்தா சாகிபு தஞ்சைத் தளபதி மானாஜியிடம் அடைக்கலம் புகுந்தார். மானாஜி வாக்குக் கொடுத்து அழைத்துப்போனார், வாக்கைக் காக்கவில்லை. சந்தா சாகிபின் தலை கொய்யப்பட்டு முகம்மது அலிக்கு அனுப்பப்பட்டது. அதை ஓர் ஒட்டகத்தின் கழுத்தில் கட்டி, திருச்சி மதிலைச் சுற்றி ஐந்து முறை வலம் விட்டார்கள் என்று ஆர்ம் எழுதியிருக்கிறார். அதே சந்தா சாகிபு 1736இல் ராணி மீனாட்சியிடமிருந்து இந்த ஊரைப் பெற்றபோது, குர்ஆன் மீது ஆணையிடுவதாகச் சொல்லிப் பட்டுத் துணியில் சுற்றிய செங்கல் மீது கை வைத்தார் என்றொரு கதையும் இவ்வூரில் வழங்குகிறது. அந்தக் கதையைச் சொல்ல நேரும்போதெல்லாம் அத்தா அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, அந்த ஒட்டகம் மெய். போர்க்களத்தை உள்ளபடி காட்டுவதென்றால் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். மாதா கோயில் கூம்பைக் காலம் தவறியதென்று பிடுங்கி எறிந்த நமக்கு, நடந்த ஒன்றை மறைக்க என்ன உரிமை? ஆனால் ஓர் எம்-சீல் உருண்டையைக் கையில் உருட்டி, அதற்குத் தலைப்பாகை சுற்ற உட்கார்ந்த அன்று, நம் விரல் வேலை செய்யவில்லை. முகம் கொடுக்காதவன் தலையை மட்டும் கொடுப்பதா?

பையனிடம் ஒன்றும் சொல்லாமல், அடுத்த நாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நத்தர்ஷா பள்ளிக்கு அழைத்துப்போனோம். தொழுகை முடிந்து, நத்தர்ஷா வலியுல்லாஹ் அவர்களின் அடக்கத்தலத்தில் ஃபாத்திஹா ஓதினோம். நவாபுகள் காலத்தில் இந்த ஊருக்கே நத்தர் நகர் என்று பெயர். அந்த வளாகத்தில்தான் சந்தா சாகிபின் கபுர் இருக்கிறது. 1795இல் சென்னையில் மறைந்த நவாப் முகம்மது அலி வாலாஜாவின் உடலும் இங்கேதான் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. ஒட்டகத்தை அனுப்பியவரும், ஒட்டகத்தின் கழுத்தில் போனவரும், ஒரே வளாகத்தில். பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். “இவங்களுக்கும் ஓதணுமா?” என்றான். ஓதச் சொன்னோம். “ரெண்டு பேருக்குமா?” இரண்டு பேருக்கும்தான் என்றோம்.

வீடு திரும்பியதும் அவன் நேரே மாடிக்குப் போனான். நாம் பின்னால் ஏறிச் சென்றபோது, மிச்ச ஒட்டகம் பலகை மீது இருந்தது. மெயின்கார்டு வாசலுக்கருகே, மதிலுக்கு வெளியே, காவிரியை நோக்கித் திருப்பி வைத்திருந்தான். கழுத்தில் ஒன்றும் இல்லை. “தண்ணி குடிக்கப் போகுது” என்றான். மதிலைச் சுற்றப் போகிறதா, சுற்றி முடித்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தோம், கேட்கவில்லை. இன்றுவரை அது அங்கேதான் நிற்கிறது. வாரத்துக்கு ஒரு முறை தூசி தட்டும்போது அதைத் தூக்கி, துடைத்து, அதே இடத்தில் வைக்கிறோம்.